மனைவிக்கு வோட்டுக் கேட்காத மோர்க்காரர்

ஒக்லாந்துக் காற்றில் மரங்கள்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வளரும். அந்த நகரத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற ஒரே உயிர் எங்கள் மோர்க்காரர். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், கட்டிய மனைவியே தேர்தலில் நின்றபோதும் அவருக்காக ஒரு வோட்டுக் கேட்காத வேறொரு கணவரை எனக்குக் காட்டட்டும்.

அவர் மோர் விற்றவர் அல்லர். ஒடாஹுஹுவில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். தொங்கா தீவுக்காரர். கதவுக்குள் நேராக நுழைய முடியாது. தோளைத் திருப்பி, பக்கவாட்டில்தான் வருவார். எண்பத்து நான்கில் நானும் மனைவி பவானியும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, அவர் கொண்டுவந்து இறக்கும் பெட்டிகளை அடுக்குவது.

முதல் நாளே மலேசியாக்காரன் ராஜு என் காதில் ஓதினான்.

"அண்ணே, இவரு பிஷப்பு. மோர்மன் சர்ச்சு."

"பிஷப் ஏன் சவர்க்காரப் பெட்டி ஏத்துறார்?"

"அவங்க சர்ச்சுல பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது லா. ஞாயித்துக்கிழம பிஷப்பு, திங்கக்கிழம ஃபோர்க்லிஃப்ட்டு."

அன்று மாலை பவானியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு 'மோர்மன்' என்ற சொல்லில் முதல் பாதிதான் காதில் ஏறியது. "பாவம், மோர் விக்கிற மனுசனை ஏன் பெட்டி தூக்க விடுகினம்?" என்று கேட்டாள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய சபையின் விதிப்படி அவர் தேநீர் குடிக்கமாட்டார், கோப்பி குடிக்கமாட்டார், பியரைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். எங்கள் தெரு முனையில்தான் குடியிருந்தார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வேறென்ன கொடுப்பது என்று தெரியாமல் பவானி வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு மோர்தான் கரைத்துக் கொடுத்தாள். ஒரு செம்பு மோரையும் ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் வழிய, "சிஸ்டர், இது எங்கட சபையில தடை இல்லை" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருஷத்தில் என் நினைவுக்குள் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் இரண்டு கட்சிக்கும் ஆட்கள் இருந்தார்கள். தேநீர் நேரத்தில் மேசை இரண்டாகப் பிளக்கும். நடுவில் மோர்க்காரர் கோப்பை நிறையச் சுடுதண்ணீருடன் உட்கார்ந்திருப்பார். யாராவது இரண்டு தலைவர்களின் படங்களையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "பிஷப், இதில ஆர் நல்லவன்?" என்று கேட்பார்கள். அவர் இரண்டையும் கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்ப்பார்.

"ரெண்டு பேரும் நல்லாப் பல்லு விளக்கியிருக்கினம்."

இதற்குமேல் ஒரு சொல் பெயராது. ஆனால் வோட்டுப் போடுவதா வேண்டாமா என்ற பேச்சு வந்தால் மனிதர் அடியோடு மாறிவிடுவார். பெயர் பதியாதவனைப் பெட்டிகளுக்கு இடையில் ஃபோர்க்லிஃப்ட்டில் துரத்துவார். எனக்கு அது முதலில் விளங்கவில்லை. "நீங்கள் அரசியல் கதைக்கிறேல்லை, பிறகேன் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"பிரதர் சிவா, சபைக்குக் கட்சி இல்லை. சபையில இருக்கிற ஆக்களுக்குக் கட்சி இருக்கலாம். இருந்தால் நல்லது. ஆனா மழைக்கு வந்த குடை மாதிரி அதை வாசலில வைச்சிட்டு உள்ள வரவேணும். போகேக்க மறக்காமல் எடுத்துக்கொண்டு போகவும் வேணும்."

என்னையும் துரத்தினார். நான் மழுப்பினேன். விசா என்றேன், நேரமில்லை என்றேன். ஒருநாள் பெட்டி இறக்கும் இடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து உண்மையைச் சொன்னேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழரைத் தேடி எங்கள் கொழும்பு ஒழுங்கைக்குள் வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. பெயரைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். நானும் பவானியும் பின்மதில் ஏறிக் குதித்தோம். அதற்குப் பிறகு எந்த நாட்டு இடாப்பிலும் என் பெயர் வராது என்று தீர்மானித்திருந்தேன்.

மோர்க்காரர் ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தினார். "அப்ப வேண்டாம் பிரதர்" என்றார். அத்தோடு என்னைத் துரத்துவதை விட்டுவிட்டார்.

சில வாரங்கள் கழித்து, வேலை முடிந்து போகும் வழியில் என்னைத் தபால் கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வாக்காளர் இடாப்பை யாரும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அவர் தன் தடித்த விரலால் பக்கங்களைப் புரட்டித் தன் பெயரைக் காட்டினார். கீழே மனைவியின் பெயர். பிறகு எங்கள் மேற்பார்வையாளர் பெயர்.

"உங்கட பேரை இதில போடச்சொல்லி நான் கேக்கேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுறன். ஆராவது இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கட தெருவுக்க வந்தால், முதல் வாறது முனையில இருக்கிற என்ர வீடு. என்னை இடத்தைவிட்டு அரக்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் வேணும்."

தபால் கந்தோர் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். கொழும்பை விட்டு வந்தபிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல்முறை. அந்த வாரமே நானும் பவானியும் பெயர் பதிந்தோம்.

எண்பத்தேழாம் ஆண்டுப் பொதுத் தேர்தல் வந்தது. ஒரு கட்சியின் வேட்பாளர் ஞாயிற்றுக்கிழமை மோர்க்காரரின் சபைக்கே வந்துவிட்டார். உள்ளே நிறைய வோட்டுகள் உட்கார்ந்திருந்தன அல்லவா? மோர்க்காரர் அவரை அன்போடு வரவேற்று, பின்வரிசையில் உட்காரவைத்து, பாட்டுப் புத்தகம் ஒன்றையும் அழுகிற குழந்தை ஒன்றையும் கையில் கொடுத்தார். மேடையில் ஒரு வார்த்தை பேச விடவில்லை. "சரி, கார் நிறுத்துமிடத்திலாவது?" என்றார் வேட்பாளர். "அதுவும் சபையின்ர நிலம்." பாவம், அவர் கேற்றுக்கு வெளியே நடைபாதையில் மழையில் நனைந்தபடி கைகுலுக்கினார். அவருக்குக் குடை பிடித்தவரும் மோர்க்காரர்தான்.

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. மோர்க்காரரின் மனைவி பெயர் மெலே. எங்கள் வாயில் அது 'மேலே' ஆகிவிட்டது. பொருத்தமாகவும் இருந்தது, அந்த வீட்டில் மேலே இருந்தவர் அவர்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெருந்தெரு. பிள்ளைகள் லொறிகளுக்கு நடுவில் ஓடித்தான் கடப்பார்கள். மெலேயின் தங்கை மகள் சப்பாத்து ஒன்றை ஒரு லொறிச் சில்லுக்குப் பறிகொடுத்தாள், கால் தப்பியது. ஒரு பாதசாரிக் கடவை போட்டுத் தரும்படி மெலே கேட்டார். நகரசபை அரசாங்கத்தைக் காட்டியது, அரசாங்கம் நகரசபையைக் காட்டியது. இரண்டு கட்சி வேட்பாளர்களும் சிரித்தார்கள். மெலே நேரே போய்ச் சுயேச்சையாகத் தேர்தலில் நின்றுவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை சபையில ஒரு அறிவிப்புச் சொல்லுங்கோ" என்று கணவரிடம் கேட்டார்.

"ஏலாது மெலே."

"நீங்கள் என்ர புருசனோ, பிஷப்போ?"

"ஞாயிற்றுக்கிழமையில பிஷப்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சபையிட்டக் கேளுங்கோ."

அந்த ஞாயிறு மத்தியானம் எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கோட்டு, கழுத்துப்பட்டியோடு மோர்க்காரர். "சும்மா இதால வந்தனான்" என்றார். பவானி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "இஞ்சாருங்கோ, அந்த மனுசன் வெறும் வயித்தோட நிக்கிறார். முகத்தைப் பாருங்கோ." சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். சட்டியின் அடி தெரிந்தது. அடுத்த ஞாயிறும் 'சும்மா இதால' வந்தார். தேர்தல் முடியும்வரை எல்லா ஞாயிறும் சும்மா இதால வந்தார். பவானி கடைசியில் பெரிய சட்டியே வாங்கிவிட்டாள்.

சாப்பாட்டுக்கு நடுவில் ஒருமுறை அவளுக்குப் பொறுக்கவில்லை. "உங்கட மனுசிக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைஞ்சா போவியள்?"

அவர் கையை எடுத்துவிட்டார். "சிஸ்டர், என்ர சபையில கடன்பட்டவன் இருக்கிறான், குடும்பத்தில பிரச்சினைப்பட்டவள் இருக்கிறாள். எல்லாரும் என்னட்டத்தான் வருகினம். நான் ஒரு பேரைச் சொன்னால் மற்றப் பேருக்குப் போடுறவன் நாளைக்கு என்னட்ட வந்து அழமாட்டான்." தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "மெலே கதைக்காமல் இருக்கிறது எனக்கும் லேசில்லை."

பவானி இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

தேர்தல் சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து மழை. மோர்க்காரர் தன் பழைய வான் வண்டியில் தெருத்தெருவாக ஆட்களை ஏற்றினார். வானுக்குள் ஒரே சட்டம்: வேட்பாளர் பெயர் சொல்லக்கூடாது, வேண்டுமானால் பாடலாம். நானும் பவானியும் ஏறியபோது முன்சீற்றில் ஊன்றுகோலோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். சட்டத்தை மதிக்காத கிழவர்.

"பிஷப், உன் பெண்டாட்டிக்கு நான் போடப்போறதில்லை. பொம்பிளையள் வீட்டில இருக்கவேணும்."

மோர்க்காரர் ஒரு பக்திப் பாட்டைத் தொடங்கினார். வாக்குச்சாவடி வந்ததும் கிழவரைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் மெலே நின்றார். வாரக்கணக்கில் கணவரோடு கதைக்காதவர் அன்றுதான் வாய் திறந்தார்.

"இந்தாள் எனக்கெதிராப் போடுவாரெண்டு ஊருக்கே தெரியும். இவரையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கிறீங்கள்!"

"தெரியும் மெலே. ஆனா அவருக்குக் கால் நோகுது."

உள்ளே மேசையில் ஒரு வயதான அம்மா இடாப்போடு இருந்தார். என் பெயரைச் சொன்னேன். அவர் விரல் வரிசையில் இறங்கியது. என் பெயரைத் தேடி ஒரு விரல் அப்படி இறங்குவதைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினேன். பவானி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நின்றது. அந்த அம்மா நிமிர்ந்து, "சி... வப்... பிர... காசம். நான் சரியாகச் சொல்கிறேனா, கண்ணே?" என்று கேட்டார்.

"மிகச் சரி" என்றேன். சரியாக இல்லை, ஆனால் அதைவிட அழகாக என் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெளியே வந்து மழையில் நின்று ஒரு நீண்ட மூச்சு விட்டேன். நான்கு வருஷமாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த மூச்சு. மோர்க்காரர் தூரத்தில் வானுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் கிட்டப் போனதும் கதவைத் திறந்துவிட்டார்.

மெலே தோற்றுப்போனார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் அவர்கள் வீட்டில் துக்கமுகத்தோடு கூடியிருந்தோம். ஆறுதல் சொல்லப் போனால், "அப்பாடா!" என்று கதிரையில் சாய்ந்தார் மெலே. "வெண்டிருந்தால் பாராளுமன்றமெண்டு வெலிங்டனுக்குப் போயிருக்கவேணும். அந்தக் குளிருக்கு ஆர் போறது?" ஆனால் அவர் எடுத்த வோட்டு, வென்றவரின் நித்திரையைக் கெடுக்கப் போதுமாயிருந்தது. புது எம்.பி. அடுத்த வாரமே அந்தத் தெருவுக்கு வந்து நின்றார். கோடை பிறப்பதற்குள் கடவை வந்துவிட்டது.

திறப்பு நாளில் எம்.பி. மோர்க்காரரையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பொதுத்தெரு, சனிக்கிழமை. சபையின் நிலம் ஓரடிகூட இல்லை. தொண்டையைச் செருமினார்.

"என்ர மனுசி சொன்னதுதான் சரி" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மெலே கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதைத் தேர்தலுக்கு முதல் சொல்லியிருக்கலாம்" என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு இருவரும் கைகோத்துத் தெருவைக் கடந்தார்கள். இரண்டு பக்கமும் லொறிகள் நின்று காத்திருந்தன.

மறுநாள் மத்தியானம் எங்கள் கதவு தட்டப்பட்டது. கோட்டு, கழுத்துப்பட்டி. பவானி பதறிப்போனாள்.

"இன்னும் வீட்டில சாப்பாடு இல்லையோ?"

"இருக்குது சிஸ்டர். சாப்பிட்டிட்டுத்தான் வாறன்." பக்கவாட்டில் உள்ளே நுழைந்தார். "இஞ்ச வராட்டி ஞாயிறு மாதிரி இல்லை."

பவானி மூன்றாவது தட்டை வைக்கப் போனாள். அது முன்பே மேசையில் இருந்தது; நான்தான் வைத்திருந்தேன்.