கேட்முனி பச்சை காட்டின அன்னைக்கு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எண்ணூர் வீட்டுலேர்ந்து காலைல பத்து மணிக்குள்ள ராயபுரம் போய்ச் சேரணும்.

ஆடு மாடுகூட போய்ச் சேர்ந்துடும். நான் சேரல.

தெனம் காலைல அஞ்சு மணிக்கு "தூங்கினது போதும், எழுந்து சாதி"ன்னு இங்க போஸ்ட் போடுற ஆளு நான்தான். அதுக்கெல்லாம் லைக் போட்டவங்க இதையும் படிச்சுட்டுப் போங்க.

விஷயம் என்னன்னா, ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரிங்க எண்ணூர் ரோட்டுல மணிக்கணக்கா க்யூவுல நிக்கும். எப்ப க்யூ வரும், எப்ப கலையும்னு முன்னாடியே சொல்ற ஆப் ஒண்ணு செஞ்சேன். ஹார்பர் கேட்டுக்கு ஒரு முனீஸ்வரன்னு நெனச்சு வெச்ச பேரு கேட்முனி. நல்லா இருந்த வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் அதுக்காக உக்காந்தேன்.

அஞ்சு லாரி டிரைவருங்களுக்கு ஆளுக்கொரு போன் வாங்கிக் குடுத்தேன். அந்தப் போன் ரோட்டுல எவ்ளோ வேகமா நகருதுன்னு பார்த்து ஆப் கணக்குப் போடும். போன் எத்தனை கிலோமீட்டர் ஓடுதோ அதுக்கேத்த மாதிரி டிரைவரோட சொந்த நம்பருக்கு ரீசார்ஜ். இது முழுக்க என் யோசனை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன்.

ஏறி இறங்காத கம்பெனி இல்ல. ராயபுரத்துல ஒரு லாரி கம்பெனி மேனேஜர் மட்டும்தான் வான்னு சொன்னாரு. "பத்து மணிக்கு நேர்ல வந்து ஆப்பை ஓட்டிக் காட்டுங்க தம்பி. சரியா இருந்தா எங்க எல்லா லாரியிலயும் போட்டுடலாம்." இதுவும் போச்சுன்னா கடையைக் கட்டிட்டு, பழைய ஆபீஸ் வாசல்ல போய்த் தலையைச் சொறிஞ்சுகினு நிக்க வேண்டியதுதான்.

"பீச் வண்டி புடிச்சா அரை மணி நேரத்துல ராயபுரம்"னா என் பொண்டாட்டி.

"கம்பெனி ஓனர் ட்ரெயின்ல தொங்கிகினு போவானா?"

"எந்தக் கம்பெனி? பீரோ மேல அஞ்சு காலி போன் டப்பா கீதே, அதுவா?"

மச்சான் காரை இரவல் வாங்கி, சித்திரை வெயில்ல கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். டேப்லெட்டுல கேட்முனியைத் திறந்தா ரோடு பூரா பச்சை. 'க்யூ இல்லை. முப்பது நிமிடம்.'

எர்ணாவூர் தாண்டினதும் முன்னாடி ஒரு டிரெய்லர் நின்னுது. பின்னாடி ஒண்ணு வந்து நின்னுது. ரைட்ல ஒண்ணு. லெஃப்ட்ல கடலுக்குக் கொட்டின பாறாங்கல்லு. பைக்குல வந்திருந்தாலாவது சந்துல பூந்து போயிருக்கலாம்.

ஆப் அப்பவும் பச்சை. 'வாகனங்கள் வேகமாகச் செல்கின்றன.' எந்த வாகனம்னு சுத்திப் பார்த்தேன். பக்கத்து லாரி டயருக்கடியில ஒரு நாய் நிம்மதியா தூங்கிட்டிருந்துது.

ஹாரன் அடிச்சேன். லாரி மேலேர்ந்து டிரைவர் எட்டிப் பார்த்தாரு.

"இன்னா நைனா, ஹாரன் அடிச்சா பறந்து பூடுவமா?"

"எப்பண்ணே க்ளியர் ஆவும்?"

"மூணு மணி ஆவும். இட்லி விக்கிற எஸ்தரு ரெண்டு குண்டான் எடுத்துகினு வந்துகீது. ஒரு குண்டான்னா ஹார்பர்காரன் சீக்கிரம் உள்ள வுட்ருவான். ரெண்டுன்னா அவ்ளோதான்."

"இட்லிக்கும் க்யூவுக்கும் இன்னாண்ணே சம்பந்தம்?"

"ஹார்பர் கேட்டாண்ட டீ விக்கிறது அதோட அண்ணன். உள்ள லாரி எட்த்துக்கலன்னா காலைலயே தங்கச்சிக்குப் போன் போட்ருவான். அதுக்கேத்த மாதிரி அது மாவு ஊத்தும். நீ இன்னா, ஊருக்குப் புச்சா?"

நான் பொறந்ததே எண்ணூர்லதான்.

சரியா பத்து மணிக்கு மேனேஜர் வீடியோ கால்ல வந்தாரு. "எங்க இருக்கீங்க?"

"வழியில சார். க்யூவுல மாட்டிக்கிட்டேன்."

"க்யூவா? உங்க ஆப் சொல்லலையா?"

"க்யூ இல்லைன்னு சொல்லுது சார்."

அதோட விட்டிருக்கணும். நான்தான் வாயைக் குடுத்தேன். "நம்ம டிரைவருங்க அஞ்சு பேரும் நல்ல ஸ்பீடுல வர்றாங்க சார். இதோ, மேப்பைப் பாருங்க." மேப்புல அஞ்சு புள்ளி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு என்னைப் பார்த்து வந்துட்டிருந்துது. "இப்ப நம்ம காரைத் தாண்டுவாங்க சார், நீங்களே பாருங்க"ன்னு போனை வெளிய திருப்பினேன்.

அஞ்சு லாரி வரல. லாரிங்களுக்கு நடுவுல ஒரு ஸ்கூட்டர் வந்துது. முன்னாடி ஒரு குண்டான், பின்னாடி ஒரு குண்டான். ஓட்டிட்டு வந்த பொண்ணு, டென்த் வரைக்கும் என்கூடப் படிச்ச எஸ்தர். டிரைவர் சொன்ன எஸ்தரு இதுதான்னு அப்பதான் தெரிஞ்சுது.

"டேய் முரளி, இன்னாடா கோட்டு? யாருக்குக் கல்யாணம்?"ன்னு வண்டியை நிறுத்திச்சு. மேப்புல அஞ்சு புள்ளியும் நின்னுது.

எஸ்தர் சட்னி எடுக்க சீட்டைத் தூக்கிச்சு. உள்ள, சட்னி தூக்குக்குப் பக்கத்துல, ஒரு பிளாஸ்டிக் கவர்ல அஞ்சு போன். அஞ்சுலயும் நான் என் கையால ஒட்டின கேட்முனி ஸ்டிக்கர்.

"இது எப்படி உங்கிட்ட?"

"டிரைவர் அண்ணனுங்க குட்த்தாங்கடா. போன் ஓடினாத்தான் ரீசார்ஜாம். நின்னுகினு கீற லாரில போன் எங்க ஓடும்? நான்தான நாள் பூரா இங்கயும் அங்கயும் ஓடிகினு கீறேன். க்யூ பெர்சானா எனக்கு யாவாரம் ஜாஸ்தி, அவங்களுக்கு ரீசார்ஜ் ஜாஸ்தி. எவனோ ஒரு பேமானி மாசாமாசம் கரெக்டா போட்டுகினு கீறான்."

என் ரெண்டு வருஷ ஆராய்ச்சி அப்பதான் எனக்கே புரிஞ்சுது. க்யூ நீள நீள எஸ்தர் வேகமா ஓடும். எஸ்தர் ஓட ஓட என் ஆப் ரோடு காலின்னு சொல்லும். ஒரே ஒரு நாள் ரோட்டுக்கு வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். எங்க, எழுந்து சாதின்னு போஸ்ட் போடவே எனக்கு நேரம் பத்தல.

போனை நான் அணைக்கறதுக்குள்ள மேனேஜர் குரல் வந்துது. "அந்தம்மாகிட்ட குடுங்க."

குடுத்தேன். "க்யூ எப்பம்மா கலையும்?"

"இன்னிக்கி மூணு மணிக்கு மேல சார். நாளிக்கி கப்பல் இல்லியாம், ரோடு காலியா இருக்கும்னு அண்ணன் சொல்ச்சு. நான் உளுந்தே ஊறப் போடல."

"தெனம் காலைல எனக்குப் போன் பண்ணி இதைச் சொல்றீங்களா? எங்க டிரைவருங்களுக்கு டிபனும் நீங்களே குடுத்துடுங்க."

"செய்யலாம் சார். ஆனா ஞாயித்துக்கெயம சர்ச்சு. போன் எடுக்க மாட்டேன்."

"பரவால்லம்மா."

ரெண்டு வருஷம் நான் நாயா அலைஞ்சும் கிடைக்காத ஆர்டர். எஸ்தர் ரெண்டு நிமிஷத்துல வாங்கிச்சு, அதுவும் கண்டிஷன் போட்டு. மேனேஜர் என்கிட்ட, "தம்பி, அந்தக் கோட்டைக் கழட்டிடுங்க, வேர்த்து ஊத்துது"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாரு.

வெக்கங்கெட்ட வயிறு, அப்பவும் பசி எடுத்துது. எஸ்தர் நாலு இட்லி வெச்சு நீட்டிச்சு.

"டேய், அந்த ரீசார்ஜ் பேமானி யாருன்னு தெர்ஞ்சா சொல்லுடா. அவன் புண்ணியத்துலதான் டிரைவருங்க என்னாண்டயே வாங்கித் துன்றாங்க. அவனுக்கு ஆயுசு பூரா இட்லி ஃப்ரீ."

யாருன்னு தெரியலையேன்னு சொல்லிட்டு, நாலு இட்லிக்கும் காசு குடுத்தேன்.