புள்ளிமானுக்கும் உரிமை கோரியவர்

எடுக்கும்வரை எல்லாருக்கும் பொது, எடுத்தபின் தனக்கு மட்டும் என்று வாழும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. திருகோணமலையின் உப்புக் காற்று அதற்கு நன்றாக ஒத்துப்போகிறது. நல்ல மாதிரி ஒன்று பார்க்க ஆசையா? உட்துறைமுக வீதிக்கு வாருங்கள், சசிகரனைக் காட்டுகிறேன்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஒருவர் மாலுமி, ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து, கதையை வாயாலேயே வளர்த்து, இக்கட்டு வந்தால் பகடை உருட்டித் தப்புகிற விளையாட்டு இருக்கிறதே, அப்படி ஒன்றைத் தான் படைத்ததாக அவர் சொல்லித் திரிகிறார். படைத்த விதத்தைக் கேளுங்கள். எங்கோ சில நல்ல மனிதர்கள் தங்கள் விளையாட்டு விதிகளைத் திறந்த உரிமத்தில் இணையத்தில் வைத்திருந்தார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் எங்கள் பெயரைப் போடுங்கள், அதிலிருந்து நீங்கள் செய்வதையும் இதேபோலத் திறந்து வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். சசிகரன் "எடுக்கலாம்" வரை வாசித்தார். அதோடு களைத்துவிட்டார்.

எழுதுவதற்கு மட்டும் களைப்பில்லை. தன் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எல்லா உரிமையும் தனக்கே என்று போட்டு, துறைமுகம், கச்சான் காற்று, கடைத்தெருவில் வாழைப்பழத் தோல் தின்று திரியும் புள்ளிமான்கள் எல்லாம் தன் சொந்தக் கற்பனை என்று அச்சடித்தார். மான்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் இருக்கும் நிவேதிகா சசிகரனின் அந்த விளையாட்டுக்கென்று ஒரு கதை எழுதியிருந்தாள். அதை வாசிகசாலையில் ஆடிக்காட்டி, அன்றைக்கே சின்னப் புத்தகமாக வெளியிட ஏற்பாடு. அவளுடைய முதல் புத்தகம். சசிகரன் தன் கூட்டாளிகளோடு போய் நிறுத்தச் சொன்னார். கதையில் மான் வருகிறதாம்.

"அண்ணை, விதியளை நீங்கள் எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள் நிவேதிகா.

"அது சும்மா கிடந்தது, தங்கச்சி."

"சும்மா கிடக்கேல்லை. பேர் போடச் சொல்லித்தான் தந்தவை. நீங்கள் போடேல்லை, அதோடை அவை தந்த அனுமதியும் போச்சு. இப்ப அந்த விதியளை அச்சடிக்க ஏலாத ஆள் நீங்கள்தான்."

சசிகரன் சட்டம் பேசினார், நீதிமன்றம் பேசினார், கொழும்பில் தனக்குத் தெரிந்த சட்டத்தரணியின் காரைப் பற்றியும் பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் நிவேதிகா மூல விதிகளைத் தொலைபேசியில் எடுத்து, தந்தவர்களின் பெயர்களைத் தன் புத்தகத்தில் எழுதி, இந்தக் கதையையும் யாரும் எடுக்கலாம் என்று கீழே சேர்த்துவிட்டாள். பகடை உருண்டது. கூட்டாளிகள் மெல்லக் கதிரைகளை அவள் பக்கம் இழுத்தார்கள்.

நாலைந்து பேர் வேண்டிய விளையாட்டைச் சசிகரன் இப்போது தனியே ஆடுகிறார். மாலுமியும் அவர், மந்திரவாதியும் அவர், உரிமையாளரும் அவர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு இதை யாருக்காவது சொல்லத்தான் போகிறீர்கள். அப்போது இன்னார் எழுதினதை வாசித்தேன் என்பீர்களா, "எனக்குத் தெரிந்த ஒருவன் இருந்தான்" என்று தொடங்குவீர்களா?