புத்தகப் பெட்டி ஏறிய படகு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுகிறேன். இங்கே உங்கள் மகள் நலம், நான் நலம், படகும் நலம். உங்கள் மகனும் நலம். அவன் நலம் என்பதை இன்னொரு தடவை எழுதிவிடுகிறேன்: நலம். இன்று காலையில்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். ஆகவே கீழே வருவதைப் படித்துப் பதற வேண்டாம். உட்கார்ந்து படியுங்கள். வாய்விட்டுப் படிக்காதீர்கள், அத்தை காதில் விழும்.

ஆற்றின் இரு கரையிலும் உள்ள நூலகங்கள் கூடிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். நம் கரையில் விவசாயப் புத்தகங்கள் அதிகம், எதிர்க்கரையில் மருத்துவமும் சட்டமும் அதிகம், புதிதாக வாங்க இருவருக்குமே வழியில்லை, அதனால் இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம் என்று முடிவு செய்தார்கள். "புத்தகத்தை யார் கொண்டுபோறது?" என்று யாரோ கேட்க, "என் மாப்பிள்ளை படகு சும்மாதானே போயிட்டு வருது" என்று சொன்னது நீங்கள். படகின் சொந்தக்காரனான எனக்கு அந்தச் செய்தி மறுநாள் ஒரு தகரப் பெட்டியின் உருவத்தில் வந்து இறங்கியது. அன்று மனதுக்குள் உங்களை என்னவெல்லாம் சொன்னேன் என்பதை எழுத முடியாது, தபாலில் போடுவதற்கு முன் உங்கள் மகள் படிப்பாள்.

பெட்டி சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. பயணிகள் திறந்துவிட்டார்கள். தையல்காரர் வாடகைச் சட்டம் பற்றிய புத்தகத்தை எடுத்துப் படித்தார், அதே படகில் அவருடைய வீட்டுக்காரரும் இருந்தார், நடு ஆற்றில் வழக்கு நடந்தது, நீதிபதி நான். கோழிப்பண்ணை அக்கா கோழிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, அக்கரை வந்தும் இறங்கவில்லை. "இன்னும் ரெண்டு பக்கம்தான் தம்பி, ஒரு தடவை போயிட்டு வந்துடேன்" என்றார். போய்விட்டு வந்தேன். அதற்குள் அடுத்த அத்தியாயம் ஆரம்பமாகியிருந்தது. எதிர்க்கரை நூலகர் அம்மாவோ, "அனுப்பினது புதுசு, வர்றது பழசு! பக்கத்துக்குப் பக்கம் கைரேகை, நான் என்ன போலீஸா?" என்று கரையில் நின்றே என்னைப் பிடித்துக்கொள்வார். இந்த வேலையே வேண்டாம் என்று உங்களுக்கு எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த முதலுதவிப் புத்தகம் வந்தது. நம் கரைச் சுகாதார நிலையத்து நர்ஸ் கேட்டிருந்தாராம். எதிர்க்கரையில் அது இல்லை. அவர்கள் தலைநகர நூலகத்தைக் கேட்க, தலைநகரம் பக்கத்து நாட்டைக் கேட்க, எங்கெங்கோ சுற்றி, முதல் பக்கம் முழுக்க விதவிதமான முத்திரைகளோடு என் படகில் ஏறியது. தையல்காரர் வழக்கம்போல அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில், நடு ஆறு. என்ஜின் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

மாமா, விழுந்தது என்னோடு என்ஜின் வேலை பார்க்கும் உங்கள் மகன். கை கால் வெட்டி இழுக்கிறது, கண் மேலே சொருகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டு, பல்லுக்கு நடுவில் வைக்கலாம் என்று ஓடினேன். கோழிப்பண்ணை அக்கா என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"வாயில எதையும் வைக்காதே! இப்பத்தானே படிச்சாரு!"

"அமுக்கிப் பிடிக்கவும் கூடாதாம்" என்றார் வீட்டுக்காரர்.

"தலைக்கு அடியில மெத்துன்னு ஏதாவது வைக்கணும்" என்று படித்த தையல்காரர், வாடிக்கையாளருக்குக் கொண்டுபோன புதுச் சட்டைகளை மூட்டையோடு வைத்துவிட்டார். "நேரம் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆபத்தாம்!" மூன்று பேர் கடிகாரம் பார்த்து மூன்று நேரம் சொன்னார்கள். இழுப்பு மெல்ல அடங்கியது. "அப்புறம்? அப்புறம் என்ன செய்யணும்?" என்று நான் கத்த, "பக்கம் ஒட்டிக்கிச்சுய்யா!" என்று அவரும் கத்த, படகே "மெதுவா உரிங்க!" என்றது. உரித்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டுமாம், முழுதாகத் தெளியும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாதாம். அப்படியே செய்தோம். யாரும் மூச்சு விடவில்லை, அவன் மட்டும் விட்டான்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தான். "ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க? படகை யாரு ஓட்டுறா?"

யாரும் ஓட்டவில்லை. படகு தானாகவே போய் மணல் திட்டில் ஏறி நின்றது.

அன்றே எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலிப்புதான் என்றார் டாக்டர். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்குமாம், இப்போதைக்கு என்ஜின் பக்கமும் படகின் ஓரத்துக்கும் போகக் கூடாதாம். "சரியாப் பாத்துக்கிட்டீங்க, எங்க டிரெய்னிங் எடுத்தீங்க?" என்று கேட்டார். "இரவல்தாங்க" என்றார் தையல்காரர்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் எதுக்கும் ஆக மாட்டேனா அத்தான்?" என்று அவன் அழுதான். அவனைத் திட்டிவிட்டு நானும் அழுதேன். பிறகு அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த முத்திரைகளைக் குத்தியவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் மச்சானையும் அவர்களுக்குத் தெரியாது. கேட்டார்கள் என்று கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால், எல்லோருக்கும் சேர்த்து உங்களுக்கே சொல்கிறேன். என்னைக் கேட்காமல் என் படகைக் கொடுத்தீர்களே மாமா, நீங்கள் நன்றாயிருக்க வேண்டும். இந்தக் கை ஓடும்வரை பெட்டி போகும், வரும்.

ஆனால் ஒழுங்கு முக்கியம். இனி பயணத்தில் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பூட்டும் வாங்கிப் போட்டுவிட்டேன். சாவி உங்கள் மகனிடம். படகின் நடுவில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பதுதான் இப்போது அவன் வேலை. நூலகர் அம்மாவுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று.

அத்தைக்கு என் வணக்கம். விஷயத்தை அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
மாப்பிள்ளை

பி.கு.: இதைத் தபாலில் போடும் வழியில் படகை எட்டிப் பார்த்தேன். பெட்டி அகலத் திறந்திருக்கிறது. உங்கள் மகன் அட்டை வெட்டிப் பெயர் எழுதி, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்கிறான், நூலகர் அம்மா முதல் ஆளாக உட்கார்ந்து படிக்கிறார். "என்னடா இது?" என்று கத்தினேன். "கத்தாதீங்க அத்தான், படிக்கிறாங்க இல்ல? நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றான். எடுத்தேன். இந்தக் கடிதம் ஒரு வாரம் தாமதமாக வருவதற்குக் காரணம் அதுதான். இன்னும் ரெண்டு பக்கம்தான் பாக்கி.