வீட்டை ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம்

நான் செய்த கெட்டிக்காரத்தனங்களைச் சொல்லச் சொன்னால் ஒரு பகல் போதாது. முட்டாள்தனம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். என்ன, அதன் எடை கொஞ்சம் கூடுதல். இரண்டு ஆள் மூச்சைப் பிடித்துத் தூக்கினால்தான் அசையும்.

எருத்தேன்பதியில் எங்களுக்கு நிலக்கடலையும் தென்னையும் உண்டு. பொள்ளாச்சிச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோக ஒரு பழைய பிக்கப் வண்டியும் இருந்தது. எழுபதுகளில் எங்கள் பக்கம் சொந்த வண்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒரு விரல் எங்களுடையது என்று நான் தலை நிமிர்ந்துதான் நடப்பேன். (காலையில் நாலு பேர் தள்ளினால்தான் அது கிளம்பும் என்பதை, கேட்டால் ஒழிய சொல்ல மாட்டேன்.)

எனக்கு ஒரே அக்கா, மரகதம். கம்பத்துக்கு மேலே, கேரள மலையில் இருக்கிற சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டம் வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காவுக்கு எழுத்தே தெரியாது. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத உட்கார்ந்தால் ஒரு கார்டுக்கு ஒரு நாள் ஆகிவிடும். அதனால் எங்களுக்குள் கடிதம் கிடையாது. அந்தப் பக்கம் போய்வரும் ஏலக்காய் வியாபாரி ஒருவர், "உங்கக்கா நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இளைத்தாளா, நரைத்தாளா, என்னைக் கேட்டாளா, அதெல்லாம் வியாபாரியிடம் கேட்கிற கேள்வியா?

நேரில் போய்ப் பார்ப்பதற்கென்ன என்பீர்கள். அங்கேதான் சிக்கல். எங்கள் பெரியப்பா மகன் கல்யாணப் பந்தியில் அக்கா வீட்டுக்காரர் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை மாமா என்பேன். என் வீட்டுக்காரருக்குச் சகலை. அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஏனுங்க சகலை, உங்க வண்டி இன்னும் தள்ளுனாத்தான் போகுதுங்களா? இல்ல, இப்பத் தள்ளுனாலும் போறதில்லீங்களா?"

பந்தியே சிரித்தது. என் வீட்டுக்காரர் பாதி இலையில் எழுந்துவிட்டார்.

"இனி உங்கூட்டுப் பச்சத் தண்ணி எம்பல்லுல பட்டா, நான் எங்கப்பனுக்குப் பொறந்தவனில்லீங்க!"

(கோபத்திலும் 'ங்க' போகவில்லை பாருங்கள். எங்கள் பக்கத்துச் சண்டை அப்படி.)

எங்களில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடித்தால்தான் உறவு. குடிக்காதவன் அந்த வாசலை மிதிக்க முடியாது. ஏழு வருடம் மிதிக்கவில்லை. என்னையாவது தனியாக அனுப்புங்கள் என்றால், "பொண்டாட்டிய அனுப்பீட்டு நான் ஒளிஞ்சுக்கிட்டன்னு பேசுவாங்க" என்பார்.

ஒருநாள் அந்த வியாபாரி வந்தவர், பேச்சோடு பேச்சாக, "உங்கக்காளுக்கு முன்பல்லு ரெண்டு போயிருச்சுங்க" என்றார்.

அக்கா சிரித்தால் முதலில் தெரிவது அந்தப் பற்கள்தான். நான் பார்த்தே இராத ஒரு முகத்தோடு அவள் அந்த மலைமேல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தேன்.

"ஏனுங்க, நாம அவிய ஊட்டுக்குள்ள போக வேண்டாமுங்க. நம்மூட்டையே வண்டியில ஏத்தீட்டுப் போயி அவிய வாசல்ல நிறுத்துவோம். நம்ம தண்ணி, நம்ம சோறு, நம்ம கட்டிலு. நீங்க கட்டில்ல உக்காந்து உங்க சகலையப் பாத்து ஒரு ஏப்பம் உடுங்க."

அந்த ஏப்பம் அவருக்குப் பிடித்துப்போனது.

மறுநாளே வேலை தொடங்கியது. வண்டியின் நாலு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டு, அதற்குள் நுழைகிற மாதிரி மெல்லிய குழாய் வைத்தார்கள். நிறுத்திய இடத்தில் உள்குழாயைத் தூக்கி ஆணியைச் செருகினால் தார்ப்பாய்க் கூரை ஆள் உயரத்துக்கு எழும்பும். ஓடும்போது இறக்கிக் கட்டிவிடலாம். பக்கவாட்டில் என் பழைய சேலைகளைத் திரையாகத் தொங்கவிட்டேன். குழாய் வைத்த தண்ணீர் டிரம், மண்ணெண்ணெய் அடுப்பு, பாத்திரம் மாட்டக் கொக்கி, கயிற்றுக் கட்டில் எல்லாம் வந்தன. கொசுவலைகூட உண்டு. (வீட்டில் கொசுவலை கிடையாது. வண்டிக்கு மட்டும்.) அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அரண்மனை கட்டிய கர்வம்.

கிளம்பும் காலையில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து எங்கள் அம்மாவின் அம்மியைக் கட்டிலுக்கு அடியில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடினேன். கேட்டால் சொல்லக் காரணமும் வைத்திருந்தேன்: சகலை வீட்டு அம்மியில் அரைத்த சட்னியும் அவர் வீட்டுத் தண்ணீர் பட்டதுதானே? கூடவே ஐம்பது தேங்காய், ஒரு மூட்டை கடலை. வெறுங்கையோடா போவது?

உடுமலை, பழனி என்று சமதரையில் வண்டி ராஜா மாதிரி ஓடியது. வழியில் ஒரு புளியமரத்தடியில் கூரையைத் தூக்கிவிட்டு நான் சோறு பொங்கினேன். ரோட்டில் போன பஸ்ஸே வேகம் குறைத்துப் பார்த்தது. அவர் கட்டிலில் சாய்ந்து ஏப்பம் விட்டுப் பழகிக்கொண்டார்.

கம்பம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. டிரம்மிலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். அடுத்தடுத்த வளைவுகளிலும் அதே கதை. வண்டி குடித்துக்கொண்டே ஏறியது. உச்சிக்கு வந்தபோது டிரம்மைத் தட்டினால் 'டங்'கென்றது.

"ஊரு சேர்றதுக்குள்ளயே தண்ணி தீந்துருச்சே, புள்ள! இப்படி முக்கறதுக்கு வண்டியில என்னதான் இருக்குது?"

"மலைங்க. மலைன்னா முக்கத்தான் செய்யும்" என்றேன்.

மேலே செக்போஸ்ட். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. அவர் ரேடியேட்டர் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, காவலர் ஒருவர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இதெந்தா, வீடோ வண்டியோ?"

நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் கண் கட்டிலுக்கு அடியில் போனது. "அரியாணோ?" (அரிசியா?) என்றபடி கையிலிருந்த கம்பியால் சாக்கைக் குத்தினார். 'ணங்' என்றது. சாக்கை விலக்கினார். அம்மியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரல் வைத்து, முன்பக்கம் கண்ணைக் காட்டினேன். அந்த மனுசன் சத்தமில்லாமல் சிரித்து, சாக்கை மறுபடி மூடிவிட்டு, கையைக் காட்டி அனுப்பினார். புண்ணியவான்.

சக்குபள்ளம் வந்தாயிற்று. அக்கா வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரிந்தது. வாசலுக்கு முன்னால் நூறடி மேடு. அதில் பாதி ஏறியதும் வண்டி ஒருமுறை விக்கி நின்றுவிட்டது.

எந்த வண்டியைத் தள்ள வேண்டும் என்று ஏழு வருடத்துக்கு முன் பந்தியில் சிரித்தார்களோ, அந்த வண்டி, அந்தச் சகலையின் கண்ணெதிரே.

மாமா மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தோட்டத்து ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். "ம்... தள்ளுங்கடா, ஒறம்பரை வந்திருக்குது" என்று தானே முதல் தோள் கொடுத்தார். (ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் வீடு தேடி வந்த உறவு.) வண்டி அசைந்து மேடேறிய குலுக்கலில் பின் கதவு திறந்துகொண்டது. முதலில் தேங்காய்கள் உருண்டன. அப்புறம் கட்டில். கடைசியில், சாக்கை உதறிக்கொண்டு, அம்மி வழுக்கி வந்து மாமாவின் கால் முன்னால் 'தொம்' என்று உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்து அம்மியைப் பார்த்தார்.

"ஏம்புள்ள... இதையா நான் மலை ஏத்துனேன்?"

"சட்னிக்குங்க" என்றேன்.

முதலில் சிரித்தது அக்கா. எப்போது வாசலிலிருந்து ஓடிவந்தாளோ தெரியாது. தலை பாதி நரைத்திருந்தது. முன்பல் இரண்டும் இல்லை. அந்த இடைவெளி வழியாக வந்த சிரிப்பு சின்னப் பிள்ளையின் சிரிப்பு மாதிரி இருந்தது. "ராமாத்தா! அம்மாவோட அம்மியா அம்மணி!" என்று என் பெயரைச் சொல்லிக் கூவினாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

மாமா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பினார்.

"உங்களுக்கில்லீங்க சகலை. வண்டிக்கு."

மாமா ரேடியேட்டரில் நிதானமாக ஊற்றினார். பாதிச் செம்பு ஊற்றிவிட்டு நிறுத்தினார்.

"உங்க வண்டி எங்கூட்டுத் தண்ணி குடிச்சுப்போட்டுதுங்க. அதுக்கு ரோசமில்ல. மிச்சத்தை என்ன பண்ணறதுங்க?"

என் வீட்டுக்காரர் வெகுநேரம் வண்டியைப் பார்த்தார். அப்புறம் செம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்து முடித்ததும் ஏப்பம் வந்தது. வழியில் பழகிய ஏப்பம், கடைசியில் சகலையின் தண்ணீரில்தான் வந்தது.

ஐந்து நாள் இருந்தோம். ஆண்கள் இருவரும் வீட்டுக்குள் ஏலக்காய் விலையையும் கடலை விலையையும் பேசித் தீர்த்தார்கள். அக்காவும் நானும் வாசலில் வண்டிக் கூரையைத் தூக்கிவிட்டு, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். தார்ப்பாயில் மழைத் தூறல் சடசடக்க, ஏழு வருடத்துப் பேச்சு. ஆண்களின் ரோசத்துக்காகக் கட்டிய வீட்டில் குடியிருந்தது நாங்கள் இருவர்தான்.

கிளம்பும்போது அம்மியை ஏற்றப் போனார்கள். "இறக்கத்துல பாரம் ஆகாதுங்க, பிரேக்கு தாங்காது. இன்னொரு தடவ வந்து எடுத்துக்கலாம்" என்றேன். இதைத்தான் இத்தனை நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். சட்னிக்காக நான் அம்மியை ஏற்றவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சகலையை மறந்தாலும் மறப்பார், ஒரு நல்ல அம்மியைச் சகலை வீட்டில் விட்டுவைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அதேபோல வருடத்துக்கு ஒருமுறை அம்மியை எடுக்கப் போனோம். ஒருமுறைகூட எடுத்து வரவில்லை; கிளம்பும்போதெல்லாம் எனக்குப் பிரேக்கைப் பற்றிய கவலை வந்துவிடும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது யாரையாவது பார்க்க ஏங்கினால், "என்ன, அம்மி எடுக்கப் போறியா?" என்றுதான் கேலி. கோயமுத்தூரிலிருந்து என் மகள் போன் பண்ணினால் வேறொன்றும் சொல்ல மாட்டாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை அம்மி எடுக்க வர்றேன்" என்பாள்.

இப்போது வண்டி இல்லை. அதை ஓட்டியவரும், தள்ளியவரும் இல்லை. போன வருடம் அக்காவும் போய்விட்டாள். காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா மகன் வெளியே வந்து, "சின்னம்மா, இனியாச்சும் அம்மிய எடுத்துட்டுப் போங்க. கார்ல எடம் இருக்குது, நானே ஏத்திக் குடுக்கறேன்" என்றான்.

கொல்லையில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. நடுவில் குழிந்த இடத்தில் தண்ணீர் நின்றது.

"இருக்கட்டும் சாமி" என்றேன். "இன்னொரு தடவ வந்து எடுத்துக்கறேன்."