மொட்டையில் வாசித்த கல்யாண ஓலை

பெண் வீட்டார் முன்னால் ஓர் ஆண்பிள்ளை சொல்லும் வார்த்தைகளில் பாதி, அவனைக் கேட்காமலே வாயிலிருந்து விழுபவை. என் விஷயத்தில் அந்தப் பாதி ஒருவரைக் கொல்லப் பார்த்தது.

யுத்தம் முடிந்த சமயம். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எஸ்தரை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். 'இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம்' என்று சபையில் அறிவிக்கும் ஓலையும் ஒரு தடவை வாசித்தாயிற்று. எஸ்தருக்கு அப்பா இல்லை. அண்ணன் ஆசீர்தான் எல்லாம். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். லீவு நாளில் மலையேறாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"சனிக்கெழம மொட்டைக்குப் போறேன். வாரீகளா மாப்ள? காலைல ஏறி, பொழுது சாய எறங்கிரலாம்" என்றார். அய்யனார் கோவிலுக்கு மேலே, காட்டையும் தாண்டி, புல் மட்டுமே முளைத்த உச்சிக்கு மொட்டை என்று பெயர்.

"மொட்டையா? எத்தனையோ தடவ ஏறியாச்சு மச்சான்."

(அருவியில் குளித்ததோடு சரி. அதற்கு மேலும் மலை இருக்கிறது என்பது எனக்குக் கேள்விஞானம்.)

ஆனி மாதம். கோவிலடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆசீர் இரண்டு கம்பளி கொண்டுவந்திருந்தார். "இந்த வெயில்ல கம்பளியா? மேல எனக்குத் தெரியாத காத்தா?" என்று சொல்லி, அவற்றைப் பூசாரியிடம் கொடுக்கவைத்தேன். பலமுறை ஏறியவன் சொல்கிறானே என்று நம்பினார்.

உச்சியை நெருங்கியபோது மலையாளத்துப் பக்கமிருந்து மேகம் வந்து எங்களை விழுங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. பின்னாலேயே காற்று, காற்றோடு, சரளைக்கல்லை அள்ளி எறிந்தாற்போல மழை. ஒரு பாறை இடுக்கில் ஒண்டினோம்.

"செத்த நேரத்துல விட்ரும்" என்றேன். விடவில்லை.

முதலில் இருவருக்கும் பல் கிடுகிடுத்தது. பிறகு ஆசீருக்கு நடுக்கம் நின்றுவிட்டது. மனுஷன் தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எம்புட்டுப் புழுக்கம். செத்த படுக்கேன். பொறவு எஸ்தர எழுப்பச் சொல்லு."

உதடு நீலம் பாரித்திருந்தது. குளிர் முற்றினால் நடுக்கம் நின்று, புழுங்குவதுபோலத் தோன்றுமாம்; டாக்டர் பின்னால் சொன்னார். எஸ்தர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சட்டை, வேட்டி எல்லாவற்றையும் அவர்மேல் சுற்றினேன் (எல்லாமே நனைந்த துணி, என் புத்தி அவ்வளவுதான்). அவரை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். தூங்கவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. பேச்சு வரவில்லை. பாடினேன்.

சபையில் உபதேசியார் என்னை வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் தெரிந்த கீர்த்தனைகள் தீர்ந்தன. ஞாயிறு பள்ளிப் பாட்டுகளும் தீர்ந்தன. கடைசியில் எங்கள் கல்யாண ஓலையையே ராகம் போட்டு இழுத்தேன்.

"தானியேலுக்கும் எஸ்தருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறபடியால், தடை ஏதும் அறிந்தவர்கள்..."

ஆசீர் கண்ணைத் திறந்தார். "தடை இருக்குலே. பாட்ட நிறுத்து."

இன்னும் உரக்கப் பாடினேன். அவர் திட்டினார். திட்டத் திட்ட உடம்பு மறுபடி நடுங்கத் தொடங்கியது.

மேகம் விலகியதும் அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கினேன். கோவிலில் எங்கள் மில் முதலாளி குடும்பத்தோடு பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா கோவணத்தோடு, டிரில் மாஸ்டரைத் தோளில் சாய்த்து, ஓலை பாடிக்கொண்டே வருவதைப் பார்த்தார்கள். முதலாளியம்மா "அய்யோ பாபம்" என்று தெலுங்கில் சொல்லி, பெண்பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்.

ஆசீருக்கு நிமோனியா. கல்யாணம் தள்ளிப்போனது. பிழைத்தார், ஆனால் நெஞ்சில் ஒரு விசில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மலையேறவில்லை. என்னிடம் ஒரு சுடுசொல் சொன்னதுமில்லை. வீட்டில் எந்தப் பிள்ளை படுக்கையை விட்டு எழ மறுத்தாலும், "மாப்ளையப் பாடச் சொல்லட்டா?" என்பார். பிள்ளை துள்ளி எழும். இன்று பேரப்பிள்ளைகளிடமும் அந்த மிரட்டல்தான் ஓடுகிறது.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்த நெஞ்சேதான் அவரைக் கொண்டுபோனது. பெட்டியை மூடப்போகும்போது எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

"ஒரு தடவ பாடிப் பாருங்களேன்" என்றாள்.

அதே ஓலையைப் பாடினேன். கூடியிருந்தவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள். தடை சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.