வெள்ளைச்சிக்குப் பத்தியம்

உருத்திரபுரம்,
16-2-1957.

மதிப்புக்குரிய வீரகத்திச் சித்தப்பா அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி பத்தரை தாண்டிவிட்டது. பிள்ளை ஏணைத் தொட்டிலில் உறங்கும்போதுதான் எனக்குக் கை ஓய்கிறது. எழுத்துக் கோணினால் அது லாம்புத் திரியின் பிழை. நாங்கள் மூவரும் சுகம். ஓமந்தையில் உங்கள் சுகத்தையும் சின்னம்மாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல்.

நீங்கள் மாட்டு வைத்தியர் என்பதை நான் மறக்கவில்லை. நாய்க்கும் நாலு கால்தானே என்ற துணிவில் கேட்கிறேன். எங்கள் வெள்ளைச்சி போன ஞாயிறு வண்டில் கொட்டிலில் ஐந்து குட்டி போட்டாள். கல்லூரியில் எனக்குத் தவளையின் குடல்வரை படிப்பித்தார்கள். குட்டி போட்ட நாய் என்ன தின்னும் என்று ஒரு வரி படிப்பிக்கவில்லை. ஆகவே பக்கத்துக் காணி இராசேஸ்வரி மாமியைக் கேட்டேன். நாலு மாதத்துக்கு முன் பிள்ளை பெற்றபோது எனக்குப் பத்தியம் காய்ச்சித் தந்ததும் அவாதான்.

"பெத்த உடம்பு எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. சரக்கரைச்சுக் குடு. பச்சைத்தண்ணியை மட்டும் கண்ணிலையும் காட்டிப்போடாதை, குட்டியளுக்குச் சளி பிடிச்சிடும்" என்றா.

மிளகு, சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் அரைத்துக் கருவாட்டோடு குழைத்து வைத்தேன். தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்தேன். வெள்ளைச்சி சோற்றைத் தின்றுவிட்டுச் சட்டி இருந்த இடத்தை நக்கினாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தத் தாகம் எனக்குத் தெரியாததல்ல சித்தப்பா, நானும் முப்பத்தொரு நாள் பட்டவள்தான். ஆனால் சளி என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எந்தத் தாய் எதிர்த்துக் கதைப்பாள்?

மூன்றாம் நாள் குட்டிகளை வாயில் கவ்வி ஒவ்வொன்றாய் வாய்க்கால் கரைப் பற்றைக்குக் கொண்டுபோய்விட்டாள். கொட்டிலில் காற்று அடிக்கிறதாக்கும் என்று புதுச் சாக்கு விரித்துத் தூக்கி வந்தேன். திரும்பக் கொண்டுபோனாள். வெளிச்சம் கூச்சமோ என்று பழைய சேலையால் மறைப்புக் கட்டினேன். அதற்கும் போனாள். மாமி நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டா. தும்மியவர்கள் நாலு பேர், அதில் ஒருத்தி வெள்ளைச்சி. இன்று பின்னேரம் மறுபடியும் நாலைக் கொண்டுபோனவள், எல்லாவற்றிலும் சிறிய மண்ணிறக் குட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நாலாவதைக் கவ்விக்கொண்டு வேலிப் படலையடியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்றுதான் அப்போதிருந்து யோசிக்கிறேன்.

"இஞ்சாரும், தாய் விட்டதை நீர் ஏன் பிடிச்சு வைச்சிருக்கிறீர்? அது விடியுமட்டும் தாங்காது" என்றார் இவர்.

"உங்களை வெறுஞ்சாக்கிலை தனிய விட்டால் நீங்கள் தாங்குவியளோ?"

"நாலு மாதமாய் அப்பிடித்தானே விட்டிருக்கிறீர்" என்று சொல்லி விறாந்தையில் போய்ப் படுத்துவிட்டார்.

குட்டி இப்போது ஏணைக்குக் கீழே ஓலைப்பெட்டியில் கிடக்கிறது. ஆட்டுப்பாலைத் துணித் திரியில் நனைத்து வைத்தால் இரண்டுதரம் சூப்பிவிட்டு விடுகிறது. மூச்சு இருக்கிறதா என்று நிமிடத்துக்கொருதரம் குனிகிறேன். நான் தொட்டதால் பிள்ளையின் பவுடர் மணந்து தாய் வெறுத்தாளா? குட்டி பிழைக்காது என்று தாய்க்கு முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தால் எப்படித் தெரியும்? மாடுகளில் நீங்கள் இப்படிக் கண்டதுண்டா?

சின்னம்மாவுக்கும் உங்கள் பட்டியில் நிற்கும் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பிள்ளையார் உங்கள் எல்லோரையும் காக்க.

பணிவுள்ள பெறாமகள்,
சிவனேஸ்வரி

பி.கு.: மேலே கேட்ட எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கோ. கடிதத்தை மடிக்க முன், பிள்ளையின் துணி அலச ஒரு பேசின் தண்ணீரை வாசற்படியில் வைத்தேன். வெள்ளைச்சி எங்கிருந்தோ வந்து அடிவரை குடித்தாள். பிறகு வாய்க்கால் கரைக்குப் போய் நாலையும் ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து, ஏணைக்குக் கீழே மண்ணிறக் குட்டியோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். அதுவும் முலையைப் பிடித்துக் குடிக்கிறது. இவர் எழும்பி வந்து, "அப்ப இவ்வளவு நாளும் தண்ணிக்கோ?" என்றார். ஓம், மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்றேன்.

இப்போது ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை பாலுக்கு அழுகிறாள். நான் ஏணைக்குக் கிட்டப் போனால் வெள்ளைச்சி பல்லைக் காட்டி உறுமுகிறாள். குட்டி ஆறு என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. என் பிள்ளையை நான் எப்படி எடுப்பது? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கோ.