கோட்டைத் தாண்டாத மதில் அண்ணை

லண்டன் மாநகரத்தில் மதில் அண்ணையைத் தாண்டிப் பந்தோடு போன மனிதப் பிறவி கிடையாது. விமானம் போயிருக்கிறது, ஹவுன்ஸ்லோவில் எங்கள் தலைக்கு மேலே அது ஓயாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் காலில் பந்தோடு ஒரு மனிதன்? அந்தக் கதையே இல்லை. இதற்குச் சாட்சி சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எங்கள் ஊர்ச் சங்க உதைபந்தாட்ட அணியில் அவருக்குப் பின்னால் கோல் கீப்பராக நின்றவன் நான். எங்கள் அணியிலேயே ஆகச் சுத்தமான ஜேர்சி என்னுடையதுதான். சில நாட்களில், மனைவி சந்தேகப்படப் போகிறாளே என்று, ஆட்டம் முடிந்ததும் நானாகவே சேற்றில் ஒருமுறை விழுந்து எழும்பிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

மதில் அண்ணை தமிழர் இல்லை, ஆர்ஜென்டினாக்காரர். தாய் தகப்பன் வைத்த பெயர் மிக நீளம். நடுவில் இரண்டு புனிதர்கள் வந்து போவார்கள். பாலசுப்பிரமணியம், சிவபாதசுந்தரம் என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற நாங்கள், இதென்ன இவ்வளவு நீளம் என்று சலித்துக்கொண்டு, முதல் ஆட்டத்தின் இடைவேளையிலேயே 'மதில்' என்று சுருக்கிவிட்டோம். அதற்குப் பிறகு அவருடைய மனைவியே அவரை அப்படித்தான் கூப்பிட்டார். அந்த அம்மா இங்கே ஒரு மருத்துவமனையில் தாதி. அவரோடு வந்த மதில் அண்ணை விமான நிலையச் சரக்குப் பகுதியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இருவரும் எனக்குப் பக்கத்து வீடு.

அறிமுகமே வேலியில்தான். ஒரு பெரிய காற்றில் எங்கள் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் நின்ற பலகை வேலி சரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பம் ஒரு வேலிக்காகப் பக்கத்து வீட்டோடு தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பம். வேலி என்றதும் என் இரத்தம் தானாகச் சூடாகும். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய ஆங்கில வசனங்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்தேன். மனிதர் அதற்குள் சுத்தியலும் கையுமாக நின்று, புதுக் கட்டைகளைத் தன் பக்கம் ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சாண் நிலம் இலவசம். அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"உதிலை ஏதோ சூழ்ச்சி இருக்கு. ஆராவது சும்மா காணி குடுப்பினமோ?" என்றாள் என் மனைவி.

எனக்கும் அதே பயம்தான். பல நாள் சரியான நித்திரை இல்லை. கடைசியில் தாங்க முடியாமல் வேலிக்கு மேலால் எட்டி, கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் காரணம் கேட்டேன். அவரும் கையாலேயே விளக்கினார். பெரிய இடத்தைக் காப்பது கஷ்டம், சின்ன இடத்தைக் காப்பது சுகம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தோட்டத்தை இப்படி யோசிக்கிற மனிதர் என்ன தொழில் செய்திருப்பார் என்று விசாரித்தபோதுதான் அவருடைய சரித்திரம் வெளியே வந்தது.

ஆர்ஜென்டினாவில் ஒரு ரயில்வேப் பட்டறை ஊர். அங்கே இரண்டாம் பிரிவில் ஆடுகிற ஒரு கழகம். மீசை அரும்பிய வயதில் அதில் பின்கள வீரராகச் சேர்ந்தவர், தலை நரைக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். பெரிய கழகங்கள் கூப்பிட்டிருக்கின்றன. போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்கு, பின்னாளில் தமிழ் பழகிய பிறகு, அவர் சொன்ன பதில் இது:

"நான் போனா இஞ்ச ஆர் நிக்கிறது, அண்ணை?"

என்னை மட்டுமல்ல, எல்லோரையும் அவர் அண்ணை என்றுதான் சொல்வார். ஆண், பெண், மத்தியஸ்தர், கவுன்சிலில் இருந்து குப்பைத்தொட்டி பார்க்க வந்தவர், எல்லோருமே அண்ணை.

அவர் தமிழ் படித்தது என்னிடம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் நிறைய வெட்கமும் உண்டு. அவருடைய சரித்திரம் தெரிந்த வாரமே அவரை எங்கள் அணிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தேன்; அங்கே கோலில் நின்று நான் கத்துவதைக் கேட்டுக் கேட்டே படித்தார். ஆகவே அவருடைய முதல் தமிழ்ச் சொற்கள் 'விடாதை', 'ஆளைப் பிடி', 'பின்னாலை பார்'. என் மனைவி ஒருநாள் காலையில் வேலிக்கு மேலால் 'குட் மோர்னிங்' என்றதற்கு, மிகுந்த மரியாதையோடு 'பின்னாலை பார்' என்று பதில் சொன்னார். அவள் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

மைதானத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நடப்பார். எதிரணிக்காரன் புயலாக வருவான், இடது பக்கம் காட்டுவான், வலது பக்கம் வெட்டுவான். அவ்வளவு கூத்தும் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் பந்து மதில் அண்ணையின் காலடியில் இருக்கும். எப்போது எடுத்தார், எப்படி எடுத்தார்? பின்னால் நின்று கண் கொட்டாமல் பார்த்த எனக்கே தெரியாது. பந்தை அனுப்பிவிட்டு, விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "சொறி அண்ணை. வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்பார். அடிவாங்கினால்கூடத் தாங்கலாம், இந்தச் சுகம் விசாரிப்பைத்தான் ஒருவராலும் தாங்க முடியவில்லை. நல்ல ஃபார்வர்ட் ஒருவன் அதற்குப் பிறகு பட்மின்டன் பக்கம் போய்விட்டான்.

மைதானத்துக்கு வெளியிலும் தொழில் விடவில்லை. கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் ஒரு கலியாண வீட்டில், முந்தின வாரம் எங்களோடு ஆடிய எதிரணி ஃபார்வர்ட் வடை எடுக்க வரிசையில் வந்தான். மதில் அண்ணை கண்டுவிட்டார். வடைத் தட்டுக்கும் அவனுக்கும் நடுவில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவன் இந்தப் பக்கம் வந்தான், அந்தப் பக்கம் வந்தான். கடைசிவரை வடை கிடைக்கவில்லை.

அவரிடம் இரண்டு விசித்திரங்கள். ஒன்று, அவருடைய ஊர் மூலிகைத் தேநீர். சுரைக்குடுவை ஒன்றில் இலையை நிரப்பி, சுடுதண்ணீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சுவார். அதே குடுவையை, அதே குழாயோடு, இடைவேளையில் எல்லோருக்கும் நீட்டுவார். எங்கள் சனமோ வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற சனம். எச்சில் குழாயைக் கண்டதும் முழு அணியும் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்துவிடும். பக்கத்து வீடு என்ற பாவத்துக்கு நான் மட்டும் வாங்குவேன். வாங்கி, குழாயை ஜேர்சி நுனியால் நன்றாகத் துடைத்துவிட்டுக் குடிப்பேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. நான் துடைக்கிற நேரம் அவர் பாவம், வானத்தில் போகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றது, கோடு. மதில் அண்ணை மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டவே மாட்டார். கோர்னர் கிடைக்கும்போது எல்லோரும் "போங்கோ அண்ணை, உயரமான ஆள், தலையாலை அடியுங்கோ" என்று கத்துவோம். கோடு வரைக்கும் வருவார். சுவரில் மோதியவர் மாதிரி நிற்பார்.

காரணத்தை எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னார். இளவயதில் அவருடைய கழகம் ஒரேயொரு தடவை இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. ஊரே மைதானத்தில். கடைசி நேரத்தில் கோர்னர். ஆசையில் இவரும் முன்னால் போய்விட்டார். பந்து திரும்பி வந்தது. இவர் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அதனூடாக ஓடி அவர்கள் கோல் அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கழகம் எந்த இறுதி ஆட்டத்தையும் காணவில்லை. அவர் கோட்டையும் தாண்டவில்லை.

"ஒரு கப்பை ஒருக்காக் கையிலை வச்சிருந்து பாக்கோணும், அண்ணை. பிறகு முழங்கால் போனாலும் பரவாயில்லை," என்றார். முழங்கால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அந்த வருடக் கோடையோடு ஆட்டத்தை நிறுத்தும்படி டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில்தான் லண்டனில் உள்ள யாழ்ப்பாண ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டி, மூத்தோர் கிண்ணம். எங்கள் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எதிரணி முறைப்பாடு கொடுத்தது. போட்டி விதிப்படி, ஒரு ஊருக்கு ஆடுகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது கலியாணம் கட்டி அந்த ஊருக்கு வந்திருக்க வேண்டும். லண்டனில் அணி இல்லாத சின்ன ஊர்க்காரர் என்றால் மட்டும் பக்கத்து ஊருக்கு ஆடலாம்.

றோல்ஸ் விற்கிற கூடாரத்துக்குப் பக்கத்தில் விசாரணை. தலைவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் பஞ்சாட்சரம் மாஸ்டர். எங்கள் சங்கச் செயலாளரும் அணியின் ஃபார்வர்டுமான தவம் முந்திக்கொண்டு எழும்பினார்.

"மாஸ்டர், உவற்ற மனுசி எங்கட ஊர்ப் பிள்ளை."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பொன்னிறத் தலைமயிரோடு அந்த அம்மா வெய்யிலில் நின்று மட்டன் றோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆற்றை பிள்ளை, எந்தக் குடும்பம்?" என்றார் மாஸ்டர்.

"கோயிலடியிலை... அந்த... முந்தியே வெளிக்கிட்டுப் போன குடும்பம்..."

"இல்லை, அண்ணை." மதில் அண்ணை எழும்பிவிட்டார். "பொய். மனுசியும் நானும் வேற ஊர்."

தவம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "அப்ப ஆட ஏலாது," என்றார் மாஸ்டர். மதில் அண்ணை புல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். கழற்றிய சப்பாத்தில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அதை மாஸ்டரும் பார்த்திருக்க வேண்டும். "கொஞ்சம் பொறும்," என்றார். "உம்மட ஊருக்கு லண்டனிலை ரீம் இருக்கோ?"

"இல்லை, அண்ணை. எங்கட ஊரிலை இருந்து நாங்கள் ரெண்டு பேர்தான்."

"அப்ப பக்கத்து ஊருக்கு ஆடலாம். உமக்குப் பக்கத்து ஊர் எது?"

மதில் அண்ணை யோசிக்கவே இல்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இவர்தான் பக்கம். நடுவிலை ஒரு வேலி மட்டும். அதுவும் என்ர காணிக்குள்ளை."

"மாஸ்டர், அது ஹவுன்ஸ்லோ எல்லோ!" என்று எதிரணிக் கப்டன் துள்ளினார்.

"விதியிலை பக்கம் எண்டுதான் கிடக்கு. எந்த நாட்டிலை பக்கம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார் மாஸ்டர். "ஊரிலை பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு அங்குலம் விடாத ஆக்கள் நாங்கள். உவர் வேலியைத் தன்ர பக்கம் போட்டிருக்கிறார். நீர் கயிற்றைக் கட்டும்."

ஆட்டம் கடைசிவரை கோல் இல்லாமல் போனது. முடிகிற நேரம் எங்களுக்கு ஒரு கோர்னர். முழு அணியும் முன்னால் போய்விட்டது. எல்லோரும் மதில் அண்ணையைக் கூப்பிட்டார்கள். சனம் முழுக்க "போ, போ" என்று கத்தியது. நான் மட்டும் பின்னால் நின்று, எங்கட பிள்ளையாரே, இந்த மனுசன் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் கோடு வரைக்கும் வந்தார். நின்றார்.

பந்து தட்டுப்பட்டுத் திரும்பியது. எதிரணியின் ஃபார்வர்ட், வெறுமையாகக் கிடக்கும் என்று நம்பிய இடத்தை நோக்கிப் பறந்து வந்தான். இடம் வெறுமையாக இல்லை. அதில் மதில் அண்ணை நின்றார். பந்தை அமைதியாக வாங்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தூக்கி ஒரு அடி. அது போய், எதிரணிக் கோலடியில் அவர்களுடைய ஆட்களுக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எங்கள் தவத்தின் தொப்பை வண்டியில் பட்டு உள்ளே போனது. கோல் போட்ட விஷயம் தவத்துக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மதில் அண்ணை விழுந்த ஃபார்வர்டைத் தூக்கிவிட்டு வீட்டுச் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பரிசு மேடை மைதானத்தின் மற்றப் பாதியில். எல்லோரும் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் மனிதர் நடுக்கோட்டில் நிற்கிறார். விசில் ஊதியாயிற்று, ஆட்டமே முடிந்தாயிற்று, கால் வரவில்லை. நாங்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினோம். வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே இருந்து சத்தம் வராமல் அழுதார்.

இந்த மாரியில் அடித்த காற்றில் எங்கள் வேலி மறுபடியும் விழுந்துவிட்டது. இம்முறை நான் முந்திக்கொண்டு, கட்டைகளை என் பக்கம் ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டேன். மறுநாள் காலை பார்த்தால் அவர் அதைப் பிடுங்கித் தன் பக்கம் நட்டிருக்கிறார். நான் பிடுங்கினேன். அவர் பிடுங்கினார். என் பரம்பரை கண்டிராத வேலிச் சண்டை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காததால் இன்றுவரை வேலி இல்லை, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே புல்தான் கிடக்கிறது.

வேலை முடிந்து வந்ததும் சுரைக்குடுவையோடு முழங்காலை இழுத்து இழுத்து அதைக் கடந்து வருவார். முதல் நாள் வந்தபோது சும்மா சீண்டிப் பார்த்தேன்.

"கோட்டைத் தாண்டி வந்திட்டியள். அங்கை இப்ப ஆர் நிக்கிறது?"

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார், என் வீட்டைப் பார்த்தார். "எந்தக் கோடு, அண்ணை?" என்று கேட்டுவிட்டு, ஒரு உறிஞ்சு உறிஞ்சிக் குடுவையை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். இப்போதெல்லாம் நான் குழாயைத் துடைப்பதில்லை.